வெளியில செய்தா சி.எஸ்.ஆர்... உள்ளுக்க செய்தா எச்.ஆர்!

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் கம்பனியின் போர்ட் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு கை மெதுவாக வந்தது. நிதிப் பொறுப்பாளரின் தட்டிலிருந்த பற்றிஸ் பலகாரத்தை எடுத்தது. திரும்பக் கீழே போய்விட்டது.

யாரும் சத்தம் போடவில்லை. எப்படிப் போடுவார்கள்? அது சேர்மனின் பேத்தியின் கை!

ஆரணிக்கு இரண்டரை வயது. நான் ஒன்றரை வருஷமாக அந்த மேசையில் இருந்து செய்யமுடியாமல் போன ஒரு வேலையை, அவள் அன்று ஒரு பின்னேரத்தில் செய்து முடித்தாள். அந்தக் கதையைத்தான் இந்தக் கிழமை சொல்லப் போகிறேன்.

'எங்கள் கம்பனியா? அக்கா எப்போதிருந்து கம்பனி நடத்துகிறா?' என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. நடத்தவில்லை. நான் அதில் ஒரு டிரெக்டர். வங்கி வேலையிலிருந்து ஓய்வெடுத்து, இந்தப் பத்தியை எழுதிக்கொண்டு, வெள்ளவத்தையில் சும்மா இருந்தவளை அவர்களே தேடி வந்தார்கள். கொட்டாஞ்சேனையில் மிளகாய்த்தூள், கறித்தூள் பொதி செய்கிற கம்பனி. தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "உங்களைப் போல அனுபவசாலி எங்களுக்குத் தேவை" என்று ஃபோனில் சொன்னார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது!

உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆண்டறிக்கையில் டிரெக்டர்களின் படம் போடும் பக்கத்தில் ஒரு பெண் கூட இல்லையே என்று யாரோ குறை சொல்லியிருக்கிறார்கள். போகட்டும்... எந்தக் கதவால் விட்டால் என்ன, உள்ளே போனது போனதுதானே?

அந்தப் படம் எடுத்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மெடம், கொஞ்சம் பளிச்சென்ற கலரில் சாறி கட்டிக்கொண்டு வாங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நடுவில் நான், மஞ்சள் சாறியோடு. இரண்டு பக்கமும் கறுப்புக் கோட்டுகள். கலியாண வீட்டு ஆல்பம் என்று நினைத்து என் மருமகள் "மாப்பிள்ளை எவர் மாமி?" என்று கேட்டாள்.

மீட்டிங்குகளில் என்னை மிக மரியாதையாக நடத்துவார்கள். அதில் குறையே சொல்ல முடியாது. "பெண்களின் கோணத்தில் மெடம் என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்காத மீட்டிங் இல்லை. எதைப் பற்றி? புதுப் பாக்கெட்டின் நிறம். வருஷ முடிவு விருந்தின் மெனு. யார் நன்றியுரை சொல்வது. வங்கிக் கடன் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் — சீவியம் முழுக்க வங்கியில் கடன் கொடுத்தவள் நான் — எல்லாரும் பாரூக்கின் முகத்தைப் பார்ப்பார்கள்.

பாரூக் என்பவர்தான் பற்றிஸைப் பறிகொடுத்த நிதிப் பொறுப்பாளர். மருதானையில் பிறந்து வளர்ந்த கணக்காளர். பாவம், அவருக்கே கூச்சமாக இருக்கும். "மெடத்திட்டக் கேளுங்களே" என்று என் பக்கம் கை காட்டுவார்.

சேர்மனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மனம் இறுகியிருந்தால் நான் 'மெடம்'. மனம் இளகினால் நான் 'தங்கச்சி'. ஒன்றரை வருஷத்தில் தங்கச்சி ஆன நாட்கள் மிகக் குறைவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் போர்ட் ரூம் நான்காம் மாடியில். ஏ.சி. உண்டு, வார்னிஷ் மின்னும் பெரிய மேசை உண்டு, உருளும் கதிரைகள் உண்டு. பெண்களுக்கு டொய்லெட் இல்லை! கட்டியவர்கள் என்ன செய்வார்கள்... இந்த மாடிக்கு ஒரு பெண் வந்து உட்காருவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே டிரெக்டர் அம்மா ஒவ்வொரு மீட்டிங்கிலும் இரண்டு மாடி இறங்கி, பொதி செய்யும் பகுதியில் வேலை செய்கிற பெண்களின் டொய்லெட்டுக்குப் போய்வர வேண்டும். அங்கே காற்றெல்லாம் மிளகாய்த்தூள். தும்மல் இல்லாமல் திரும்பியதே கிடையாது.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், கம்பனியில் உண்மையாக என்ன நடக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டதெல்லாம் அந்த வரிசையில் நின்றுதான். நான்காம் மாடியில் யாரும் ஒரு ஸ்லைடில் கூடப் போட்டுக் காட்டாத விஷயங்கள்!

அங்கேதான் ரஞ்சனி எனக்குப் பழக்கமானாள். ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவள். சின்னப் பெண்ணாகச் சேர்ந்து, இப்போது ஒரு மெஷின் வரிசையையே நடத்துகிறாள். அடுத்த சூப்பர்வைசர் அவள்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பகுதியில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆனால் பெண் சூப்பர்வைசர் இதுவரை ஒருத்தி கூட இல்லை.

ஒரு நாள் முகம் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அடுத்த மாசத்தோட வேலைய விட்டு நின்னுக்கலாம்னு இருக்கேன் மேடம்."

"ஏன் ரஞ்சனி? சூப்பர்வைசர் ஆகப்போறாய் எண்டல்லோ சொல்லினம்?"

"புள்ளைய பாக்க ஆள் இல்லையே மேடம். இவ்வளவு நாளா மாமியார் பாத்துக்கிட்டாங்க. இப்ப நாத்தனார் குவைத்துக்குப் போறாங்க. அவங்க புள்ளைங்கள பாக்கணும்னு மாமியார் ஹட்டனுக்குக் கிளம்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஹாபர்ல ஷிஃப்டு வேலை. நான்தான் நிக்கணும்."

அவளுடைய மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். பக்கத்தில் நின்றவள் சொன்னாள்: "போன வருஷம் சுமதி அக்காவும் இப்படித்தான் மேடம் நின்னாங்க. அவங்களும் சூப்பர்வைசர் ஆக வேண்டியவங்க."

எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. மேலே நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? 'பெண்கள் ஏன் உயர்பதவிக்கு வருவதில்லை?' என்று ஹோட்டலில் கருத்தரங்கு நடத்துகிறோம். போர்ட்டுக்குப் பெண் தேவை என்று வெள்ளவத்தை வரை ஆள் தேடிப் போகிறோம். உள்ளே இருக்கிறவர்கள் ஒவ்வொருத்தியாகப் படியிறங்கி வீட்டுக்குப் போகிறார்கள்!

அன்றைய மீட்டிங்கின் அடுத்த விஷயம் என்ன தெரியுமா? சி.எஸ்.ஆர். கம்பனி தன் லாபத்தில் சமூகத்துக்குச் செய்யும் நன்மை. எங்கள் சேர்மனுக்கு இதில் பெரிய ஆர்வம். ஒரு வருஷம் புத்தகப் பை, ஒரு வருஷம் மூக்குக் கண்ணாடி. ஒவ்வொரு முறையும் ஆளுயரத்துக்கு ஓர் அட்டைச் செக் கொடுத்துப் படம் எடுப்போம். செக் ஒன்றேதான். தொகையை மட்டும் மேலே ஒட்டி மாற்றுவோம்!

இந்த முறை சிறுவர் பூங்கா. எங்கேயோ ஒரு ஊரில், மெயின் ரோட்டோரமாக. ஊஞ்சல், சறுக்கு, கம்பனியின் பெயரோடு பெரிய வளைவு. ஸ்லைடில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'குழந்தைகளே எங்கள் முதற் பொறுப்பு.'

நான் கையைத் தூக்கினேன்.

"ஐயா, அப்ப முதல்ல எங்கட கட்டடத்துக்குள்ளயே ஒரு பிள்ளை பராமரிப்பு நிலையம் திறந்தால் என்ன? கீழ வேலை செய்யிற பொம்பிளையள் அதில்லாமல்தான் நிண்டு போகினம். அடுத்த சூப்பர்வைசர் எண்டு சொல்லுற பிள்ளையும் நிக்கப் போறாள்."

சேர்மன் சிரித்தார். "நல்ல யோசனைதான், மெடம். ஆனா அது எச்.ஆர்., ஊழியர் விஷயம். இது சி.எஸ்.ஆர்."

"என்ன வித்தியாசம்?"

"வெளியில செய்தா சி.எஸ்.ஆர். உள்ளுக்க செய்தா எச்.ஆர். எச்.ஆருக்கு ஒதுக்கினது இந்த வருஷம் முடிஞ்சுது. சி.எஸ்.ஆரிலதான் காசு கிடக்கு."

எல்லாத் தலைகளும் ஆடின. அடுத்த விஷயம்... புதுப் பாக்கெட்டின் நிறம். மெடம் என்ன நினைக்கிறீங்க?

திரீவீலில் காலி வீதி நெரிசலுக்குள் வீடு திரும்பும்வரை எனக்குள் பொங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்துப் பிள்ளைக்கு ஊஞ்சல். எங்கள் மிளகாய்த்தூளைச் சுவாசித்து உழைக்கிறவளின் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஏனென்றால் அவள் உள்ளே இருக்கிறாள்! வீட்டில் இவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"சண்டை பிடிச்சனியோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அதுதான் பிழை" என்றுவிட்டு கிரிக்கெட் பார்க்கத் திரும்பினார்.

எச்.ஆர். மனேஜரைப் போய்ப் பார்த்தேன். "போர்ட் சொன்னால் செய்யலாம் மெடம்" என்றார். போர்ட்டோ அது எச்.ஆர். என்கிறது. பந்து அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டிருந்தது. ரஞ்சனியிடம், "அடுத்த மீட்டிங் வரைக்கும் பொறு. இன்னொருக்கா கேட்டுப் பாக்கிறன்" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். நம்பிக்கை துளியும் இல்லாத 'சரி' அது. என்னைச் சுட்டது.

அடுத்த மாதம் மீட்டிங் வந்தது. பூங்காவுக்கு இறுதி அனுமதி கொடுக்கிற நாள். ரஞ்சனிக்கோ அது கடைசிக் கிழமை.

கதவு திறந்தது. சேர்மன் வந்தார்... ஒரு கையில் ஃபைல். மறு கையில் முயல் படம் போட்ட ரோஸ் நிறப் பை. இடுப்பில் ஆரணி!

"ஒண்டும் நினைக்காதைங்கோ" என்றார். மகள் களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர், அன்றைக்கு டியூட்டி. மனைவி திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்விட்டா. வீட்டில் பிள்ளை பார்க்கிற பெண்ணுக்குக் காய்ச்சல். "ஒரு மணித்தியாலம்தானே... சமாளிப்பம்."

ஒன்றும் நினைக்கவா? எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம்! "அச்சாப் பிள்ளை!" "பேர் என்னம்மா?" ஏற்றுமதிக்குப் பொறுப்பானவர் தன் லேசர் லைற்றைக் கொடுத்தார். அவள் பூங்காவின் ஸ்லைடில் சிவப்புப் புள்ளியை ஓடவிட்டுக் கைதட்டினாள். பாரூக் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கம் ஒரு பூனைப் படம் கீறிக் கொடுத்தார். ஒன்றரை வருஷத்தில் அந்த அறையில் இத்தனை சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எனக்கும் சிரிப்புத்தான்... ஆனால் உள்ளுக்குள் ஒரு கேள்வி. இதே மாதிரி நான் என் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்? 'மெடத்துக்கு வீட்டில பிரச்சினை போல, பாவம், இனி மீட்டிங்குக்கு வர ஏலாதாக்கும்' என்றிருப்பார்கள். இல்லையா?

பூங்கா விஷயம் வந்தது. சேர்மன் தொண்டையைச் செருமினார். அப்போதுதான் மேசைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"அம்மப்பா... சூச்சா!"

சேர்மன் அவளைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினார். ஆண்கள் டொய்லெட் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு டிரெக்டர் நின்றார். அவரைக் கண்டதும் ஆரணி வீரிட்டாள் பாருங்கள்... நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்! "லேடீஸ் எங்க? லேடீஸ் எங்க?" என்று சேர்மன் தவித்தார். சொந்தக் கட்டடம்!

"இந்த மாடியில இல்லை ஐயா. என்னோட வாங்கோ" என்றேன்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்க நேரமில்லை. படியால் இறங்கினோம். நான் முன்னுக்கு, கம்பனித் தலைவர் பேத்தியை அணைத்துக்கொண்டு பின்னுக்கு. பொதி செய்யும் பகுதிக்குள் கால் வைத்ததும் அவருக்கு ஒரு தும்மல். பிறகு இன்னொன்று. பெண்கள் எல்லாரும் திகைத்துப்போய் நிமிர்ந்து பார்த்தார்கள். சேர்மன் அங்கே வருவது மாலை மரியாதையோடு, முன்கூட்டியே அறிவித்துத்தான். பெண்கள் டொய்லெட் வாசலில், ரோஸ் பையோடு, கண்ணில் தண்ணீர் வழிய நின்ற சேர்மனை அவர்கள் எப்போது கண்டார்கள்?

நான் பிள்ளையை உள்ளே கொண்டுபோனேன். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ரஞ்சனியின் குரல் கேட்டது.

"யாரு சார்? பேத்தியா?"

"ஓம்... மகளின்ர பிள்ளை. வீட்டில பாக்க ஒருத்தரும் இல்லை. அதுதான் கூட்டிக்கொண்டு வந்திட்டன்." ஒரு தும்மல்.

"உங்களுக்குக் கூட்டிட்டு வர எடம் இருக்கு சார்" என்றாள் ரஞ்சனி. கோபமாக இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள். "எங்க வீட்லயும் பாக்க யாரும் இல்ல. எனக்குக் கூட்டிட்டு வர எடமும் இல்ல. அதான் இந்தக் கெழமையோட நிக்கிறேன்."

நான் தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டுக் காதைத் தீட்டினேன். சேர்மனின் தும்மல் நின்றுவிட்டது. ஆரணிதான் உள்ளேயிருந்து வெற்றி முழக்கம் செய்தாள்: "முடிஞ்சுது!"

திரும்பிப் படியேறும்போது சேர்மன் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைதானோ அடுத்த சூப்பர்வைசர் எண்டு சொன்னது?"

"ஓம் ஐயா. வேலையில இருந்தால்."

இன்னும் கொஞ்சம் ஏறினார். பேத்தி அவருடைய தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு விளங்குது, தங்கச்சி. ஆனா சி.எஸ்.ஆர். காசை உள்ளுக்க செலவழிச்சா ஆடிட்டர் என்னத்தைச் சொல்லுவான்?"

தங்கச்சி! பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதியைத் தாண்டவைத்தவர் பாரூக். மேலே போய் நான் மறுபடியும் விஷயத்தை எடுத்தேன். இந்த முறை சண்டை பிடிக்கிற தோரணையில்தான். எச்.ஆரா, சி.எஸ்.ஆரா என்று வாதம் சூடானது. பாரூக் பேனையை மூடி வைத்தார்.

"ஒரு நிமிஷம் சேர்மன். ரஞ்சனி யாரு? நம்மட ஊழியர். உள்ளாள். சரி. அவட புள்ளைக்கி நாம சம்பளம் குடுக்கிறமா?"

"இல்லை..."

"ஈ.பி.எஃப். கட்டுறமா?"

"என்ன பாரூக் கதைக்கிறீர்? ஒன்பது, பத்து மாசப் பிள்ளைக்கோ?"

"அப்ப அந்தப் புள்ள நம்மட ஊழியர் இல்ல. வெளியாள். சமூகம்! சமூகத்துக்குச் செஞ்சா அது சி.எஸ்.ஆர். தானே? ஆடிட்டர்ட்ட நான் கதைக்கிறேன்."

சேர்மன் சிரித்தார் பாருங்கள்... மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்! மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எதற்கென்று தெரியாமலே ஆரணியும் சிரித்தாள். பூங்கா அடுத்த வருஷத்துக்கு, பராமரிப்பு நிலையம் இந்த வருஷத்துக்கு என்று ஏகமனதாகத் தீர்மானம். அது திறக்கும்வரை ரஞ்சனிக்குச் சம்பளத்தோடு லீவு. கூடவே நான்காம் மாடியில் ஒரு லேடீஸ் டொய்லெட்! (கட்டியாயிற்று. ஆனால் நான் இன்னும் கீழேதான் போகிறேன். மேலே தனியாக நின்றால் ஒரு செய்தியும் கிடைக்காதே!)

அன்றைக்கு நான் படியிறங்கிய வேகத்தை என் முழங்கால் டொக்டர் பார்த்திருந்தால் ஏசியிருப்பார். ரஞ்சனியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்திலிருந்த பெண்ணின் தோளில் சாய்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய்த்தூள் என்று சொல்லித் தப்பலாம்... வேண்டாம், அழுகைதான். அத்தனை சந்தோஷம்.

கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமைக் காலி செய்து, அட்டைச் செக்கை ஒரு மூலைக்கு அனுப்பி, சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, பயிற்சி பெற்ற இரண்டு பேரை வேலைக்கு எடுத்து, போன திங்கட்கிழமை காலையில் நிலையத்தைத் திறந்தோம். ஐயர், பௌத்த ஹாமதுரு, மௌலவி, ஃபாதர் நால்வரும் வந்து ஆசீர்வதித்தார்கள். ரஞ்சனி மகனை இறக்கி விட்டாள். அவன் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கண்டதும் தாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேர்மன் அங்கேயே வைத்து அவளைச் சூப்பர்வைசர் என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினோம். வாசலில் மூன்று மொழியிலும் அழகான பலகை. வாசகம் எழுதியது சாட்சாத் நான்தான்: 'பணிபுரியும் தாய்மாரின் குழந்தைகளுக்கான பராமரிப்பு நிலையம்.'

எல்லாம் முடிந்து, நானும் சேர்மனும் வாசலில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். கம்பனி லொறி ஓட்டுகிற சுனில் தயங்கித் தயங்கி வந்தார். கையில் ஒரு சின்ன மகள். பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"மிஸ்... மகே துவத் கன்னவத?"

என் மகளையும் எடுப்பீர்களா என்று கேட்கிறார். மனைவிக்குக் கார்மென்ட்ஸில் வேலை, விடிய முன்னமே பஸ் வந்துவிடுமாம். பிள்ளையை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் விட்டுவிட்டுத்தான் லொறி எடுக்கிறாராம்.

பிள்ளைகளுக்கு அப்பாவும் உண்டு என்பது, பெண்களுக்காகச் சண்டை பிடித்த எனக்கே நினைவில்லாமல் போய்விட்டதே!

சேர்மன் தாடையைத் தடவினார். "தாய்மார் எண்டுதானே தீர்மானம் எடுத்தது, தங்கச்சி? இதுக்கு அடுத்த போர்ட் மீட்டிங்கில அனுமதி எடுக்கவேணுமே..."

"ஓம் ஐயா, எடுக்கத்தான் வேணும். திருத்தம் ஒண்டு எழுதி—"

நாங்கள் கதைத்து முடியவில்லை. எங்களுக்கு நடுவால் இரண்டு கைகள் நீண்டன. "தென்ன அய்யே!" — குடுங்க அண்ணா — என்று சுனிலின் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள் புதுச் சூப்பர்வைசர் ரஞ்சனி.

போர்ட்டில் ஒரு பெண் இருந்தால் முடிவுகள் மாறும் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் வாசலில் ஒருத்தி நின்றால்... மீட்டிங்கே தேவையில்லை!